"இனிமே குண்டு விழாதுன்னு நீதானே சொன்ன?"

கடிதத்தின் சுருக்கம்

புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 34 வயதுத் தாய் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருடைய கணவர் ஆறு ஆண்டுகளாகக் கத்தாரில் ஏ.சி. மெக்கானிக்காக வேலை பார்க்கிறார். தோஹாவின் இன்டஸ்ட்ரியல் ஏரியாவில், கம்பெனி கேம்ப்பில் தங்கியிருக்கிறார். ஊரில் மாமியார், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன், நான்காம் வகுப்புப் படிக்கும் மகள்.

2025 ஜூன் 23 அன்று, நம் நேரப்படி இரவு பத்து மணி வாக்கில், கத்தாரிலுள்ள அல் உதெய்த் அமெரிக்க விமானத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணைகளை வீசியது. செய்தி வந்த நேரத்தில் கணவரின் போன் முக்கால் மணி நேரம் கிடைக்கவில்லை. மகள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து, இவர் கூடத்தில் உட்கார்ந்து அழுதபடி தன் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாள் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டதும், "சண்டை முடிஞ்சிருச்சு, இனிமே கத்தார்ல குண்டே விழாது, சாமி சத்தியம்" என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். செப்டம்பர் 9 மாலை இஸ்ரேல் தோஹா நகருக்குள்ளேயே வான்தாக்குதல் நடத்தியது. பாட்டி பார்த்துக்கொண்டிருந்த டிவியில் அதைப் பார்த்த மகள், "இனிமே குண்டு விழாதுன்னு நீதானே சொன்ன?" என்று ஒரு முறை கேட்டாள், அதற்குப் பிறகு இதைப் பற்றி அம்மாவிடம் எதுவுமே கேட்கவில்லை.

அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நான்கு நாள் படுக்கையில் சிறுநீர் கழிக்கிறாள். காலையில் ஸ்கூல் வேன் வரும் நேரத்துக்கு வயிற்று வலி. அம்மாவின் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, நடு இரவில் எழுந்து, வாட்ஸ்ஆப்பில் அப்பா கடைசியாக எத்தனை மணிக்கு வந்தார் என்று பார்க்கிறாள். இவர் கேபிள் இணைப்பையே பிடுங்கிவிட்டார். பேசப் பேசத்தான் பயம் கூடும், தானாக மறந்துவிடும் என்கிறார் மாமியார். கோயிலில் மந்திரித்துக் கயிறும் கட்டியிருக்கிறார். மகனுக்குப் பயமே இல்லை என்கிறார் தாய்: ஏவுகணை வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், தங்கையைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்கிறான், அப்பாவின் கேம்ப்புக்கும் அந்தத் தளத்துக்கும் எவ்வளவு தூரம் என்று மேப்பில் அளந்து வைத்திருக்கிறான்.

மகளிடம் எவ்வளவு சொல்லலாம், கணவரை வேலையை விட்டுவிட்டு வரச் சொல்ல வேண்டுமா, மருந்து தேவைப்படுமா, வரப்போகும் தீபாவளி வெடிச்சத்தத்துக்கு என்ன செய்வது என்று கேட்கிறார். "நான் பொய் சொல்லி என் பிள்ளையைக் கெடுத்துவிட்டேன்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

என் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். நீங்கள் உங்கள் பிள்ளையைக் கெடுக்கவில்லை. ஜூன் 24 அன்று நீங்கள் சொன்னது உங்கள் ஆசை. அன்று உங்களுக்கும் அதை நம்ப வேண்டியிருந்தது. ஆனால் எட்டு ஒன்பது வயதுக் குழந்தை அம்மாவின் ஆசையையும் அம்மாவின் வாக்கையும் பிரித்துப் பார்க்காது. அவளைப் பொறுத்தவரை நீங்கள் சத்தியம் செய்தீர்கள், அது நடக்கவில்லை. ஆகவே இப்போது அவளை வாட்டுவது குண்டு பற்றிய பயம் மட்டும் அல்ல. அப்பாவைப் பற்றி யார் சொல்வதை நம்புவது என்று தெரியாத தவிப்பும்தான். உங்களிடம் கேட்பதை நிறுத்திவிட்டு, நடு இரவில் தானே போனை எடுத்துப் பார்க்கிறாள் என்பதன் பொருள் அதுதான்.

இந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையில் பிள்ளைகளோடு பணியாற்றிய குழு ஒன்றில் இருந்தேன். "அலை மறுபடி வருமா?" என்பதுதான் அங்கே பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி. "வராது கண்ணு" என்றே நாங்களும் சொன்னோம். மூன்று மாதம் கழித்து, 2005 மார்ச் 28 இரவு, சுமத்ரா அருகே மறுபடி பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டு எச்சரிக்கை வந்ததும், கடலோர மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அன்று நம் கரைக்கு அலை வரவில்லை. ஆனால் அடுத்த முறை நான் போனபோது, என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து படம் வரையும் ஏழு வயதுச் சிறுவன், கிரேயான் டப்பாவை என் பக்கமாகத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடல்மேல் இருந்த பயம் அப்படியே இருக்க, எங்கள் பேச்சின்மேல் இருந்த நம்பிக்கை மட்டும் போய்விட்டிருந்தது. அதை மீட்க எனக்குப் பல வாரங்கள் ஆயின. ஆனால் மீட்க முடிந்தது. அதன்பின் எந்தக் குழந்தையிடமும் 'நடக்கவே நடக்காது' என்று நான் சொன்னதில்லை.

அவளுக்கு ஏற்கெனவே தெரிந்தது

கேபிளைப் பிடுங்கிவிட்டதால் மகளுக்கு இனி எதுவும் தெரியவராது என்று நினைக்கிறீர்கள். ஜூன் 23 இரவு நீங்கள் அழுதுகொண்டு பேசியபோது அவள் தூங்கியிருக்க மாட்டாள் என்றே எனக்குத் தோன்றுகிறது. கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பது பிள்ளைகளுக்குக் கைவந்த கலை. வேனில் வரும் பிள்ளைகள் பேசுவார்கள். வளைகுடாவில் அப்பாவோ மாமாவோ இல்லாத வீடு உங்கள் பக்கத்தில் குறைவு. நாம் பேசாமல் இருந்தால் குழந்தைக்கு எதுவும் தெரியாமல் போவதில்லை. பாதி தெரிந்து, மீதியைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொள்கிறது. அந்தக் கற்பனை பெரும்பாலும் நடந்ததைவிடக் கொடியதாக இருக்கும்.

அதனால்தான், பேசினால் பயம் கூடும் என்ற உங்கள் மாமியாரின் எண்ணத்தோடு நான் உடன்படவில்லை. அவர் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது: பெரியவர்கள் தங்களுக்குள் பதறிப் பதறிப் பேசுவதும், குழந்தை கேட்காததையெல்லாம் எடுத்துச் சொல்வதும் பயத்தைக் கூட்டும். குழந்தை கேட்டதற்கு நிதானமாக, உண்மையாகப் பதில் சொல்வது பயத்தைக் குறைக்கும். மந்திரித்துக் கட்டிய கயிற்றை அவிழ்க்க வேண்டாம். பாட்டியின் அன்பு என்று அது கையில் இருக்கட்டும். பேச்சுக்குப் பதிலாக அது போதும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது விமானங்கள் குண்டு பொழிந்த காலத்தில், குழந்தைகளின் மனநலத்தை ஆராய்ந்த அன்னா ஃப்ராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் அந்நகரின் ஹாம்ஸ்டெட் பகுதியில் குழந்தைகள் காப்பகங்கள் நடத்தினார்கள். பல குழந்தைகளைக் குண்டைவிட அதிகமாக உலுக்கியது தாயைப் பிரிந்திருந்ததுதான் என்பதையும், பக்கத்தில் இருக்கும் பெரியவரின் பதற்றம் குழந்தையைத் தொற்றிக்கொள்கிறது என்பதையும் அவர்கள் அங்கே கண்டு எழுதினார்கள். உங்கள் மகளின் நிலை அதில் பாதி. குண்டு அவளுக்கு எட்டாத தூரத்தில் விழுகிறது. ஆனால் அவள் பிரிந்திருக்கும் அப்பா அந்தப் பக்கம் இருக்கிறார். 'உலகத்தில் சண்டை இல்லாத நாளே இல்லை' என்ற பொதுப் பேச்சு அவளுக்கு ஆறுதலாகாது. அவளுக்குத் தெரிய வேண்டியது, அப்பா எங்கே இருக்கிறார், அங்கே என்ன நடந்தது, மறுபடி நடந்தால் அப்பா என்ன செய்வார் என்பதுதான்.

மறுபடி பேச்சைத் தொடங்குவது

விடுமுறை நாளாகப் பார்த்து, பகலில் பேசுங்கள். படுக்கப்போகும் நேரம் வேண்டாம். எதிரெதிராக உட்கார வைத்துப் பேசினால் விசாரணைபோல ஆகிவிடும். கீரை ஆயும்போதோ, அவளுக்குத் தலை பின்னும்போதோ பேசலாம். முதலில் சொல்ல வேண்டியது மன்னிப்பு: "அன்னைக்கு இனிமே குண்டு விழாதுன்னு அம்மா சத்தியம் பண்ணேன். அது எனக்கே தெரியாத விஷயம். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னது என் தப்பு. இனிமே தெரிஞ்சதைத் தெரியும்னும், தெரியாததைத் தெரியாதுன்னும்தான் சொல்லுவேன்." பெற்றவர்கள் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்ற எண்ணம் நம் வீடுகளில் உண்டு. நான் பார்த்தவரை, அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள்.

அடுத்து, அவளுக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். "அப்பா ஊர்ல என்ன நடந்துச்சுன்னு நீ கேள்விப்பட்டதைச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, குறுக்கே பேசாமல் கேளுங்கள். அவள் சொல்வதில் எது தவறோ அதை மட்டும் திருத்தினால் போதும். தோஹா முழுவதும் இடிந்து கிடக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கலாம். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டும்போது, சிறு பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு குண்டு விழுந்ததாகவே எண்ணிக்கொள்வதுண்டு.

பிறகு ஒரு தாளில் தோஹாவைச் சேர்ந்து வரையுங்கள். ஜூனில் தாக்கப்பட்ட ராணுவத் தளம் நகருக்குத் தென்மேற்கே, முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ஊருக்கு வெளியே இருக்கிறது; வந்த ஏவுகணைகளில் பெரும்பாலானவை வானிலேயே தடுக்கப்பட்டன; அன்று யாரும் இறக்கவில்லை. செப்டம்பரில் தாக்கப்பட்டது நகரின் வடக்குப் பகுதியில் ஒரு கட்டடம். அப்பா இருக்கும் இன்டஸ்ட்ரியல் ஏரியா தென்மேற்கில். செப்டம்பரில் யாராவது இறந்தார்களா என்று அவள் கேட்டால், ஆறு பேர் இறந்தார்கள் என்று சொல்லுங்கள். கேட்காவிட்டால் நீங்களாக எடுக்க வேண்டாம். கத்தாரில் ஏறக்குறைய எட்டு லட்சம் இந்தியர்கள் இருக்கிறார்கள் என்பதையும், ஜூன் 23 அன்று நம் தூதரகம் எல்லாரையும் வெளியே போகாமல் உள்ளேயே இருக்கச் சொன்னது என்பதையும் சொல்லலாம். அப்பாவைக் கவனிக்க அங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்பது அவளுக்குப் பெரிய செய்தி.

அவள் கட்டாயம் கேட்கப்போகும் கேள்வி, "அப்பா செத்துப் போயிருவாராம்மா?" என்பது. "சீ, வாயைக் கழுவு" என்று சொல்லிவிடாதீர்கள். அபசகுனம் என்று நமக்குத் தோன்றும் சொல்லைத்தான் அவள் ஒரு மாதமாகத் தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறாள். "அந்தப் பயம் எனக்கும் வந்துச்சு. ஆனா அப்பா இப்ப நல்லா இருக்காரு, நேத்து ராத்திரி பேசினோம். சத்தம் கேட்டா ரூமுக்குள்ளேயே இருக்கணும், கம்பெனி சொல்றபடி கேக்கணும்னு அப்பாவுக்குத் தெரியும். ஏதாவது சேதி வந்தா உனக்கு மறைக்க மாட்டேன், நானே சொல்லுவேன்." இவ்வளவு போதும். அவள் அழுதால் அழட்டும். அணைத்துக்கொண்டு சும்மா இருங்கள்.

யார் நல்லவர்கள், யார் கெட்டவர்கள் என்றும் கேட்பாள். அந்த நாடுகளின் அரசாங்கங்களும் ஆயுதம் ஏந்தியவர்களும் சண்டை போடுகிறார்கள், அங்கேயும் உன்னைப் போலப் பிள்ளைகள் பயந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். ஒரு நாட்டாரையோ ஒரு மதத்தாரையோ மொத்தமாகக் கெட்டவர்கள் என்று சொல்லும் பேச்சு வீட்டில் இருக்க வேண்டாம். நாளைக்கு அதே வேனில் பக்கத்தில் உட்காரும் தோழியை அவள் வேறு கண்ணோடு பார்ப்பாள்.

செய்தியும் போனும்

1995 ஏப்ரலில் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் அரசுக் கட்டடம் ஒன்று குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. அதற்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகளில், அந்த இடத்தில் இல்லாத பிள்ளைகளிடமும், டிவியில் அதை அதிகம் பார்த்தவர்களிடம் அதிர்ச்சியின் அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. ஆகவே காட்சிகளைக் குறைக்க நீங்கள் நினைத்தது சரி. ஒரேயடியாகத் துண்டித்ததுதான் 'அம்மா எதையோ மறைக்கிறாள்' என்ற சந்தேகத்தை வளர்த்திருக்கிறது. கேபிளை மறுபடி போடுங்கள். பாட்டி செய்தி பார்க்க, மகள் பள்ளியில் இருக்கும் பகல் நேரத்தை ஒதுக்கிக் கொடுங்கள். அப்பா ஊர்ச் செய்தியை இனி டிவி சொல்லாது, அம்மாதான் சொல்வேன் என்று மகளிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

தலையணைக்கு அடியில் உள்ள போனை வெடுக்கென்று பிடுங்க வேண்டாம். கணவரிடம் பேசி, அவர் வேலை முடிந்து அழைக்கக்கூடிய ஒரு நேரத்தை முடிவு செய்யுங்கள். அங்கே மாலை ஆறு மணி என்றால் நமக்கு இரவு எட்டரை. ஓவர்டைம் இருக்கும் நாளில் அழைப்பு தாமதமாகும், பெரிதாக ஏதாவது நடந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் அழைப்பதால் லைன் கிடைக்காது என்பதை இப்போதே, அமைதியான நாளிலேயே, அப்பா வாயாலேயே அவளுக்குச் சொல்ல வேண்டும். படுக்கும்முன் அவளுக்கென்று அவர் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பட்டும்: இன்றைக்கு எந்த ஏ.சி.யைப் பிரித்தேன், என்ன சாப்பிட்டேன் என்று. இரவில் விழித்தால் 'கடைசியாக வந்த நேரத்தை'ப் பார்ப்பதற்குப் பதில் அதைக் கேட்கலாம். ஒரு வாரம் கழித்து போன் உங்கள் தலைமாட்டுக்கு வரட்டும், பிறகு அலமாரிக்குப் போகட்டும்.

உங்கள் மகனைப் பற்றி

மகனுக்குப் பயமே இல்லை என்கிறீர்கள். பயமில்லாத பையன் அந்தத் தூரத்தை ஏன் அளக்கப்போகிறான்? பதினான்கு வயதில், அப்பா இல்லாத வீட்டில் தானே ஆண்பிள்ளை என்று நினைத்துக்கொண்டு, பயத்தைக் காட்ட இடம் இல்லாமல் வீடியோவில் ஒளிந்துகொள்கிறான் என்றே நான் கருதுகிறேன். தங்கையைக் கேலி செய்வதும் அதன் ஒரு முகம். அவனைத் திட்டாமல், தனியாக அழைத்து, நீங்கள் பார்க்கும் செய்தியை அவனோடு சேர்ந்து பாருங்கள். வருகிற வீடியோக்களில் பல பழையவை, சில வேறு நாட்டில் எடுத்தவை, சில கம்ப்யூட்டர் கேமிலிருந்து வெட்டி எடுத்தவை. எது உண்மை என்று கண்டுபிடிக்கும் வேலையை அவனிடமே கொடுங்கள். தங்கை முன்னால் போடக்கூடாது என்பது மட்டும் கண்டிப்பு.

கணவர் திரும்புவதா?

வீட்டுக் கடன் இன்னும் நான்கு லட்சம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஆபத்து அறவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் மேலே எழுதியதெல்லாம் பொய்யாகும். ஆனால் மகளின் பயத்தை நிறுத்துவதற்காக மட்டும் ஆறு ஆண்டு வேலையை விடச் சொல்லாதீர்கள். கடன், இங்கே கிடைக்கக்கூடிய வேலை, அவருடைய மனநிலை எல்லாவற்றையும் வைத்து நீங்கள் இருவரும் நிதானமாகப் பேசி எடுக்க வேண்டிய முடிவு அது. அவர் திரும்பி வந்து வீட்டில் பணமுடை ஏற்பட்டால், 'என்னாலதான் அப்பா வந்துட்டாரு' என்ற பாரம் அந்தக் குழந்தையின் தலையில் ஏறும். "இது அப்பாவும் அம்மாவும் முடிவு பண்ற விஷயம், உன் ஆசையை அப்பாகிட்ட சொல்லிட்டேன்" என்று அவளிடம் சொல்லுங்கள். அவருடைய பாஸ்போர்ட் நகல், கம்பெனி மேலாளர் எண், அறைத்தோழர் இருவரின் எண்கள், தூதரகத்தின் அவசர எண் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை லைன் கிடைக்காதபோது உங்கள் கை நடுங்காமல் இருந்தால், அதுவே மகளுக்குப் பாதி மருந்து.

பொங்கலுக்கு அப்பா வந்துவிடுவார் என்று அவளிடம் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். லீவு இன்னும் உறுதியாகவில்லை என்பதையும் அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறீர்கள். அதையும் இந்த வாரமே திருத்திவிடுங்கள்.

படுக்கை நனைவதும் மருந்தும்

பல ஆண்டுகள் உலர்ந்த படுக்கையில் தூங்கிய குழந்தை மறுபடி நனைக்கத் தொடங்குவது, பயத்தின்போது சாதாரணமாகக் காணப்படுவது. அது அவள் வேண்டுமென்று செய்வதல்ல. பாயைக் காயப்போடும்போது அக்கம்பக்கம் கேட்கப் பேசாதீர்கள். ஆயினும் எல்லாவற்றையும் பயத்தின்மேல் போட்டுவிடாமல், சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். கிருமித்தொற்று, மலச்சிக்கல், அரிதாகச் சர்க்கரை நோய் இவையும் இப்படித் தொடங்கலாம். வயிற்று வலிக்காகப் பள்ளிக்கு விடுப்பு எடுப்பதைப் பழக்கமாக்காமல், வகுப்பாசிரியரிடம் நிலைமையைச் சொல்லி, மதியம் ஒரு முறை உங்களோடு போனில் பேச அனுமதி கேளுங்கள். தூக்கத்துக்காக மெடிக்கலில் சிரப் வாங்கிக் கொடுப்பது வேண்டவே வேண்டாம். இந்த வயதில் இப்படிப்பட்ட பயத்துக்கு மருந்து முதல் வழி அல்ல.

நான் சொன்னவற்றை மூன்று நான்கு வாரம் செய்தும் குறையவில்லை என்றால், அல்லது அவள் சாப்பிடாமல் எடை குறைந்தால், பள்ளிக்கே போக மறுத்தால், விளையாட்டில் ஆர்வம் போய்விட்டால், செத்துப்போக வேண்டும் என்பதுபோல் பேசினால், காத்திருக்காமல் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே, கட்டணம் இல்லாமல் பேசலாம். அந்த எண்ணை நீங்கள் உங்களுக்காகவும் பயன்படுத்தலாம். ஜூனிலிருந்து நீங்களும் சரியாகத் தூங்கவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது.

தீபாவளி

வெடிச்சத்தத்திலிருந்து அவளை முழுக்க ஒளித்துவைக்க முடியாது. ஆனால் எப்போது வரும் என்று தெரிந்த சத்தம் பாதிச் சத்தம்தான். தமிழ்நாட்டில் காலை ஆறு முதல் ஏழு, இரவு ஏழு முதல் எட்டு என்று வெடிக்க நேரம் வரையறுத்திருக்கிறார்கள். ஊரில் எல்லாரும் அதைக் கடைப்பிடிப்பதில்லை என்றாலும், கூடுதலாகச் சத்தம் வரும் நேரம் இது என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லலாம். பக்கத்து வீட்டாரிடம் அணுகுண்டையும் சரவெடியையும் கொஞ்சம் தள்ளி வெடிக்கச் சொல்லிக் கேளுங்கள். காதில் வைக்கப் பஞ்சு, உள் அறையில் அவளும் பாட்டியும் உட்கார ஒரு மூலை, இவற்றை அவளே ஏற்பாடு செய்யட்டும். வெளியே வரச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். அவளாக வந்தால் கம்பி மத்தாப்பு கொளுத்தட்டும், அதை அப்பா வீடியோவில் பார்க்கட்டும். தீபாவளி அக்டோபர் 20ஆம் தேதி திங்கட்கிழமை, அவருக்கு வேலை நாள். நமக்கு இரவு ஏழு மணி என்றால் அங்கே மாலை நாலரை. எத்தனை மணிக்கு அவரால் வர முடியும் என்று இப்போதே கேட்டு, அது உறுதியான பிறகு அவளிடம் சொல்லுங்கள்.